வாசிப்பறையில் பதினோரு பேர்

கல்மட்டம் கிளை நூலகத்துக்குக் கம்பியில்லா இணையம் வந்த வருடத்தில்தான், இறந்துபோன வாசகர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து தங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

அதற்கு முன்னால் அங்கே உட்கார ஆள் இல்லாமல் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பாதியை மூடிவிட்டார்கள். வேலை போனவர்கள் குடும்பத்தோடு திருப்பூருக்கு இறங்கிவிட்டார்கள். மிச்சமிருந்த பெரியவர்கள் மழைக்கு ஒருவர், பனிக்கு ஒருவர் என்று போய்ச் சேர்ந்தார்கள். நூலகர் பிலோமினா காலையில் கதவைத் திறந்து, நீள மேசைகளைத் துடைத்து, செய்தித்தாள்களை விரித்துப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேர் வருவார்கள். வெயில் அடித்தால் மூன்று பேர்.

இணையம் கொடுத்தால் இளவட்டங்கள் வருவார்கள் என்று அவள்தான் மேலிடத்துக்கு விடாமல் எழுதினாள். இணையம் வந்தது. இளவட்டங்களும் வந்தார்கள். ஆனால் உள்ளே வரவில்லை. நூலகத்துக்கு வெளியே ஓடைமேல் இருந்த சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, சுவரைத் தாண்டிக் கசிந்து வந்ததை வைத்தே வேலையை முடித்துக்கொண்டார்கள்.

"உள்ள வந்து உட்காருங்களேன்டா. குளிர்ல என்னத்துக்கு நடுங்குறீங்க?"

"உள்ள வந்தா சத்தமாச் சிரிக்க முடியாதேக்கா!"

இந்த நிலையில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. வாசிப்பறையில் சராசரியாகப் பத்துப் பேர் இல்லாத கிளைகள் பக்கத்து ஊர் நூலகத்தோடு இணைக்கப்படும். வருகைப் பதிவேட்டில் ஊர் ஊராகப் பொய்க் கையெழுத்து விழுவதால் இனிமேல் கையெழுத்து செல்லாது. கூரையில் மாட்டியிருக்கும் இணையப் பெட்டிகளே ஆட்களை எண்ணிக்கொள்ளும்.

அதற்காகப் பெட்டிகளைத் திருத்தியமைக்க மாவட்டத் தலைமையிடத்திலிருந்து ஷகிலா என்ற பொறியாளர் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஏணிமேல் நின்று திருப்புளியால் எதையோ முடுக்கிக்கொண்டே பேசினாள்.

"எப்படிம்மா எண்ணும்? கேமரா வெச்சிருக்கா?" என்று கேட்டாள் பிலோமினா.

"கேமரா இல்ல மேடம். இணையத்துக்குப் போற அலையேதான். அறை முழுக்கப் பரவி நிக்கும். மேசை, சுவர், புத்தகம் எதுவும் அசையாது. மனுஷன் அப்படியில்ல. முக்காவாசி தண்ணி. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குது பாருங்க, அதுக்கு அலை லேசா நடுங்கும். எத்தனை நடுக்கமோ அத்தனை ஆளு."

"தூங்கிட்டாலும் எண்ணுமா? இங்க வர்றவங்க பாதிப் பேரு தூங்கத்தான் வர்றாங்க."

"தூங்கினா இன்னும் நல்லா எண்ணும். செத்தாத்தான் எண்ணாது."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சவரிநாதன் சிரித்தான். அவன் பிலோமினாவின் கணவன். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். அது மூடிய பிறகு ஊருக்குள் மோட்டார், குழாய், ஹீட்டர் என்று எது நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

"அப்ப தண்ணி இருக்கணும். அது ஏறி இறங்கணும். அவ்வளவுதானே பாப்பா?"

"அவ்வளவேதான் அண்ணா," என்றாள் ஷகிலா, கேள்வியின் உள்ளே எதுவும் இருப்பதாக நினைக்காமல். பிறகு பிலோமினாவைப் பார்த்து, "ஆள் எங்க உட்கார்ந்திருக்கு, எப்படி மூச்சு விடுதுன்னுகூட இதால காட்ட முடியும் மேடம். ஆனா நூலகத்துக்குக் கொடுத்ததுல எண்ணிக்கை மட்டும்தான் வரும். நூலகர்கள் கூட்டத்துல சண்டை போட்டு நிறுத்திட்டீங்களாமே?" என்றாள்.

"நான்தான் முதல்ல எழுந்து பேசினேன். யாரு எந்த மூலையில உட்கார்ந்து எந்தப் பக்கத்துல பெருமூச்சு விடறாங்கன்னு சர்க்காருக்கு எதுக்கும்மா?"

அதைச் சொல்லும்போது பிலோமினாவுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சவரிநாதன் அடுத்த வாரமே முதல் ஆளைக் கொண்டுவந்தான். மலையில் வீட்டுக்கு வீடு கிடக்கிற ரப்பர் வெந்நீர்ப் பைதான் அதன் நுரையீரல். அதைத் தடித்த பாலித்தீன் பை ஒன்றுக்குள் வைத்து, சுற்றிலும் தண்ணீர் நிரப்பி, மீன்தொட்டிக்குக் காற்று கொடுக்கும் சின்ன மோட்டாரோடு இணைத்திருந்தான். மோட்டார் முனகியது. வெந்நீர்ப் பை மெல்ல உப்பியது, மெல்லத் தணிந்தது. தண்ணீரும் கூடவே ஏறி இறங்கியது.

"இது பொய்ங்க," என்றாள் பிலோமினா.

"போன மாசம் வரைக்கும் நோட்டுல விதவிதமாக் கையெழுத்துப் போட்டியே, அது என்னவாம்?"

அவள் பழைய பதிவேட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். மகள் டெல்பின் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த நூலகத்தை மூடினால் அவளுக்கு அடுத்த நூலகம் மலைக்குக் கீழே இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பறையில் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு நாற்காலி. அவர் இறந்த பிறகும் அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். யாரும் சொல்லி வைத்ததில்லை, ஆனாலும் தாண்டித்தான் போவார்கள். சவரி அந்த வெறும் நாற்காலிகளிலேயே பைகளை உட்கார வைத்தான். பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று மேலே பழைய ஸ்வெட்டர் மாட்டினான். ஜன்னலோரம் போஸ்ட்மாஸ்டர் சந்தானம். அவருக்கு எதிரே மூர்த்தி வாத்தியார். அந்தப் பக்கம் கம்பவுண்டர் துரைராஜ், யுனானி வைத்தியர் காதர். மொத்தம் பதினோரு பேர். மலையில் மின்சாரம் நின்று நின்று வரும் என்பதால் ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் தனி பேட்டரி, தனி சுவிட்ச்.

"கரண்டு போனா வாசகருங்க செத்துடக் கூடாது பாரு," என்பான்.

காலையில் யாரும் வருவதற்கு முன்னால் பின்கதவு வழியாக வந்து எல்லாவற்றையும் ஓட விடுவது அவன் வேலை. பின்கதவுச் சாவி ஒன்றை அவனே வைத்திருந்தான். நிஜ வாசகர்கள் நாலு நாளில் பழகிவிட்டார்கள். உள்ளே வரும்போது, "என்ன சந்தானம் சார், இன்னும் அதே பக்கமா?" என்று கேட்டுவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போனார்கள். ஊரே இதில் கூட்டு. மாவட்ட நூலக அலுவலர் அருளானந்தம் ஆய்வுக்கு வந்தபோது கம்பவுண்டர் துரைராஜின் பக்கத்தில் போய் நின்றார். ஸ்வெட்டர் ஏறி இறங்குவதைச் சற்று நேரம் பார்த்தார்.

"ரொம்ப ஆழ்ந்து படிக்கிறாரே," என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கல்மட்டம் நூலகம் பிழைத்துக்கொண்டது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. ஒரு வாரமாக விடாத மழை. சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் அறையில் கதை நேரம். சுகந்தி டீச்சர் வந்து கதை சொல்வாள். அன்று மழையிலும் ஆறு பிள்ளைகள் வந்திருந்தார்கள், டெல்பினோடு சேர்த்து. பிள்ளைகள் அறைக்கும் வாசிப்பறைக்கும் நடுவில் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர் ஒன்றுதான்.

மூர்த்தி வாத்தியார் ஒழுகிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் ஈரம். திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் இருந்ததால், அவருக்கு ஒரு வால்வு வாங்கிவர சவரி விடிந்ததுமே ஹென்றியின் ஜீப்பில் மேட்டுப்பாளையம் கிளம்பியிருந்தான்.

"வாத்தியாரைப் பாத்துக்க. நான் வர்றதுக்குள்ள செத்துடப் போறாரு," என்று சொல்லிவிட்டுப் போனான். வாத்தியார் சாகவில்லை. பிலோமினா எட்டிப் பார்த்தபோது ஒழுகிக்கொண்டே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வாசிப்பறையில் நிஜ ஆள் ஒருவர்கூட இல்லை. மழைக்கு யார் வருவார்கள்? அவள் குடையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சூடாக வர்க்கி வாங்கப் பேக்கரிக்கு நடந்தாள்.

பேக்கரிக்காரர் வர்க்கியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது தரை அதிர்ந்தது. பெரிய லாரி ஒன்று கல்லைக் கொட்டுவது போலச் சத்தம். அது நிற்கவில்லை.

அவள் திரும்பி ஓடி வந்தபோது, பின்னால் இருந்த மலை இறங்கி நூலகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. முன் வராந்தாவைக் காணவில்லை. பாலத்தைக் காணவில்லை. தகரக் கூரையின் முகடு மட்டும் சேற்றுக்கு மேலே கோடாகத் தெரிந்தது. அவள் கையில் வர்க்கிப் பொட்டலம் அப்படியே இருந்தது.

அந்த வாரம் முழுக்க மழை எச்சரிக்கை இருந்ததால் மீட்புக் குழு ஒன்று ஊரிலேயே தயாராகத் தங்கியிருந்தது. அதன் தலைவர் சிவஞானம், தலை நரைத்த, சத்தம் போடாத மனிதர். அவரோடு ஷகிலாவும் இருந்தாள். பேரிடர் நேரத்தில் கட்டடங்களில் உள்ள இணையப் பெட்டிகளைக் கொண்டு உள்ளே ஆட்களைத் தேடுவது இப்போது அவள் பணியில் ஒன்று. ஆய்வுக்கு முன்னேற்பாடு செய்ய வந்திருந்த அருளானந்தமும் குடையோடு வந்து நின்றார். கீழே பாதை அறுந்துபோனதால் மண் அள்ளும் இயந்திரம் வர வழியில்லை. கைப்பேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டது. கையால்தான் தோண்ட வேண்டும்.

ஷகிலா கூரை முகட்டின் அருகே மண்டியிட்டுக் கையடக்கத் திரையை நீட்டிப் பிடித்தாள்.

"உள்ள பெட்டிங்க பேட்டரியில ஓடுது சார். கிடைச்சிருச்சு. பிள்ளைங்க அறையில ஏழு. வாசிப்பறையில..." அவள் முகம் மலர்ந்தது. "பதினொண்ணு. எல்லாரும் உயிரோட இருக்காங்க சார்!"

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. அழுகையா மகிழ்ச்சியா என்று சொல்ல முடியாத சத்தம்.

சிவஞானம் மேலே மலையைப் பார்த்தார். இன்னும் சின்னச் சின்னக் கற்கள் உருண்டுகொண்டிருந்தன. "ஒரு பக்கம்தான் வெட்டி இறங்க முடியும். ரெண்டு பக்கமும் வெட்டினா கூரை மொத்தமா உட்கார்ந்துடும். பதினொரு பேர் பக்கம் ஆரம்பிங்க."

"சார்!" பிலோமினா சேற்றில் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தாள். "வேண்டாம் சார். அது ஆளுங்க இல்ல. அந்தப் பதினொண்ணும் பொம்மை சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"தண்ணிப் பை சார். எங்க வீட்டுக்காரர் செஞ்சது. எண்ணிக்கை காட்டறதுக்காக வெச்சது. மூச்சு விடற மாதிரி மோட்டார் ஓடும். வாசிப்பறையில ஒருத்தரும் இல்ல. நான் பாத்துட்டுத்தான் வந்தேன். பிள்ளைங்கதான் சார் நிஜம்."

ஷகிலா திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். ஏணியடியில் கேட்ட கேள்வி அவளுக்கு இப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "அண்ணன் என்கிட்டயே கேட்டுக்கிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"உங்க பிள்ளை உள்ள இருக்கா?" என்று சிவஞானம் கேட்டார்.

பிலோமினா கூரை முகட்டைப் பார்த்தாள்.

"இருக்கு சார். டெல்பின் இவங்க பொண்ணுதான்," என்று கூட்டத்திலிருந்து ஒருவன் முன்னால் வந்தான். மளிகைக்கடை சம்பத். அவன் கண்கள் சிவந்திருந்தன. "பொம்மை இருக்கறது ஊருக்கே தெரியும் சார். ஆனா எங்கப்பா தினமும் பேப்பர் படிக்க அங்கதான் போவாரு. காலையில இருந்து ஆளைக் காணோம். பொம்மையில ஒண்ணு நின்னுபோய் எங்கப்பா மூச்சு அதுல சேந்திருந்தா? அக்கா, உங்க புள்ளைக்காக எங்கப்பனை விட்டுடச் சொல்றீங்களா?"

அவன் கேட்டதில் தவறில்லை. தன் வாயிலிருந்து வரும் உண்மைக்கு அங்கே மதிப்பு இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. எந்தத் தாயும் அந்த இடத்தில் அதையேதான் சொல்லியிருப்பாள்.

"ஊர்க்காரங்க பேச்சு வேண்டாம். வேற யாருக்காவது இது தெரியுமா? அதிகாரிங்க யாராவது?" என்றார் சிவஞானம்.

அருளானந்தம் குடையை மடக்கினார். மழை அவர் கண்ணாடியில் வழிந்தது. ஓய்வு பெற அவருக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார். "பதினொண்ணு. நானே பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். அந்தம்மா சொல்றது நிஜம்."

அந்த நேரத்தில்தான் ஷகிலாவின் திரையில் பிள்ளைகள் அறையின் ஏழு, ஆறாக மாறியது.

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சிவஞானத்தின் பக்கம் திரையைத் திருப்பினாள். பிலோமினாவும் பார்த்துவிட்டாள். அது யார் என்று அந்தத் திரை சொல்லாது. யாரென்று சொல்லக் கூடாது என்று எழுந்து நின்று பேசியவள் அவள்தான்.

"சம்பத்து! டேய் சம்பத்து!" என்று மேலே சாலையிலிருந்து ஒரு குரல். சவரக்கடைத் துண்டு கழுத்தில் தொங்க, பாதி முகம் மழித்த நிலையில் சம்பத்தின் அப்பா ஓடி வந்துகொண்டிருந்தார். சம்பத் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து வந்து பிலோமினாவின் காலைத் தொட்டான்.

"பிள்ளைங்க பக்கம்," என்றார் சிவஞானம். ஆட்கள் மண்வெட்டிகளோடு அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

சம்பத்தும் ஊர்க்காரர்களும் வரிசையில் நின்று சேற்று வாளிகளைக் கை மாற்றினார்கள். தகரத்தை வெட்டும் சத்தத்துக்கு நடுவே ஷகிலா கூப்பிட்டாள். "மேடம், இங்க பாருங்க. வாசிப்பறையில பத்தாயிடுச்சு."

சற்று நேரத்தில் அது ஒன்பது ஆனது. பிறகு எட்டு.

பிலோமினாவுக்கு உடம்பில் உயிர் வந்தது. "பாத்தீங்களா சார்? பேட்டரி இறங்குது. மோட்டார் ஒவ்வொண்ணா நிக்குது. மனுஷங்களா இருந்தா இப்படி வரிசையா நிப்பாங்களா?"

சிவஞானம் தலையசைத்தார். அவர் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒரு கனம் குறைந்தது. பதினோரு மூச்சுகளை விட்டுவிட்டு வந்த மனிதர் அல்லவா அவர்? ஒவ்வொன்றாக அவை அணைய அணைய, தான் செய்தது சரி என்று அவருக்கு உறுதியாகிக்கொண்டு வந்தது. ஏழு. ஆறு. ஆட்கள் இன்னும் வேகமாக வெட்டினார்கள். ஒன்று மட்டும் மிச்சமாகி, அப்படியே நின்றது.

பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூரையின் வெட்டு வழியாகத் தூக்கினார்கள். ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். அலமாரி ஒன்று சாய்ந்ததைச் சுகந்தி டீச்சர் முதுகில் தாங்கியிருந்தாள். அதற்கு அடியில்தான் பிள்ளைகள் இருந்தார்கள். ஏழாவது மூச்சு அவளுடையது.

டெல்பின் நீலம் பாரித்துப் போயிருந்தாள். பல் கிட்டிப் பேச்சு வரவில்லை. பிலோமினா அவளைத் தன் சேலைக்குள் சுருட்டி இறுக்கிக்கொண்டாள்.

மேலே மலை மறுபடியும் முனகியது. "எல்லாரும் மேல ஏறுங்க!" என்று கத்திய சிவஞானம், பிலோமினாவின் அருகில் வந்து குனிந்தார். "அந்த ஒண்ணு இன்னும் இருக்கும்மா. நிக்கல. இந்தச் சரிவுல ஆளை இறக்கணும்னா நான் இப்பவே இறக்கணும். நிச்சயமா பொம்மைதானா?"

"சந்தானம் சார்," என்றாள் பிலோமினா. மகளின் ஈரத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டே சொன்னாள். "அவருக்கு மட்டும் போன வாரம்தான் புதுப் பேட்டரி போட்டாரு. அது நிக்காது சார். அதுவும் பொம்மைதான்."

அவர்கள் மேலே ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னும் ஒரு பாகம் மலை இறங்கி, வெட்டிய வழியை மூடியது.

முகாம் தேவாலயத்தின் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஊரே அங்கே படுத்திருந்தது. சவரியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, பிலோமினா உட்பட. பாதை அறுந்து போயிருந்தது, கைப்பேசி இல்லை, மேட்டுப்பாளையத்தில் பத்திரமாக மாட்டிக்கொண்டிருப்பான். "குடுத்து வெச்சவன்," என்றார்கள். வர்க்கிப் பொட்டலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, நனையாத ஒன்றை அவனுக்காக எடுத்து வைத்தாள்.

டெல்பினுக்கு மெல்லப் பேச்சு வந்தது. "அம்மா, சுவத்துக்கு அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா நின்னுபோச்சு."

"ஆமாடா. பேட்டரி தீந்துபோச்சு."

மறுநாள் காலையில் ஷகிலா டீத் தம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேட்டில் ஒரு கருவியை விட்டு வந்திருந்ததால் அவள் திரைக்கு எண்ணிக்கை வந்துகொண்டே இருந்தது. அதை நீட்டிக் காட்டினாள்.

"பாருங்க மேடம். உங்க சந்தானம் சார் இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்காரு. அண்ணன் நல்ல பேட்டரியாத்தான் போட்டிருக்காரு."

பிலோமினா சிரித்தாள். மலை இறங்கிய பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். ஷகிலாவும் சிரித்தாள். பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கும் விஷயத்தைச் சொன்னார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

பாதையைச் சரி செய்து முதல் வண்டி மேலே வந்தபோது அதை ஓட்டி வந்தவன் ஹென்றி. பிலோமினா வாசலுக்கு ஓடினாள். ஜீப்பில் அரிசி மூட்டைகள்தான் இருந்தன.

"அவரு வரலியா?"

ஹென்றி அவளை விசித்திரமாகப் பார்த்தான். "யாருக்கா? அண்ணனா? அண்ணன் அன்னைக்கே திரும்பிட்டாரே! மூணாவது வளைவுல மரம் விழுந்து கெடந்துச்சு. வெட்டறதுக்கு நேரம் ஆகும்னாங்க. 'நீ போ ஹென்றி, வீட்டுல பழைய ட்யூப் கெடக்கு, அதை வெட்டிப் போட்டே வாத்தியாரைச் சரி பண்ணிடறேன்'னு சொல்லிட்டு மழையில நடந்தே ஏறிட்டாரு."

பிலோமினா ஷகிலாவைத் தேடிப் போகவில்லை. ஷகிலாவே பள்ளிக்கூட நடையில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரை அவள் கையில் இருந்தது. அதை அவள் மார்போடு சேர்த்துக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

இயந்திரங்கள் வந்து தோண்டி முடித்த பிறகு சிவஞானம் தானே முகாமுக்கு நடந்து வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். பெஞ்சில் அவள் எதிரே உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர் போல, அறையைப் பற்றியே சொன்னார். வாசிப்பறையின் உள்பக்கக் கூரை கருங்கல் சுவரில் சாய்ந்து ஒரு பொந்து போலத் தாங்கியிருந்தது. மூர்த்தி வாத்தியாரின் பை தண்ணீர் வடிக்கப்பட்டு, மேசைமேல் பிரித்துக் கிடந்தது. பக்கத்தில் வெட்டிய ட்யூப் துண்டு ஒன்று. சவரி அந்தச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தான். கால் உத்தரத்தின் அடியில் மாட்டியிருந்தது. உடம்பில் வேறு காயம் எதுவும் இல்லை.

"பேட்டரி எதுவும் தீரலம்மா," என்றார் அவர் தரையைப் பார்த்தபடி. "பத்து சுவிட்சும் கையால அணைச்சிருந்துச்சு. எட்டாத நாற்காலியை எல்லாம் வயரைப் பிடிச்சு இழுத்துக் கிட்டக் கொண்டுவந்து அணைச்சிருக்காரு."

பிலோமினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பைகளும் ஒரு மனிதனுமாகப் பதினொன்று. அந்தக் கூட்டலை அவள் அவருக்காகச் சொல்லவில்லை. அவரும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"நான் இறக்கியிருக்கணும்," என்றார்.

"நான் வேண்டாம்னு சொன்னேன் சார்," என்றாள் அவள்.

அருளானந்தத்தைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். கல்மட்டம் கிளை, மலைக்குக் கீழே உள்ள நூலகத்தோடு இணைக்கப்பட்டது. பெட்டிகளில் இப்போது மூச்சின் சீரையும் பார்க்கிறார்கள். மனித மூச்சு ஒன்றுபோல் இன்னொன்று இருக்காதாம். எந்திரத்தின் மூச்சு எப்போதும் ஒரே அளவாம். அது தெரிந்தால் எண்ணாது. கடைசி மூச்சு எப்போது நின்றது என்று பிலோமினா ஷகிலாவிடம் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று பயந்தோ என்னவோ, ஷகிலா அதற்குப் பிறகு மலைக்கு வரவே இல்லை.

டெல்பின் மட்டும்தான் கேட்டாள். வாடகை வீட்டில், ஒரு பகல் பொழுதில், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பென்சிலை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, அப்பா ஏன் எல்லா மோட்டாரையும் நிறுத்தினாரு?"

பிலோமினா மடித்துக்கொண்டிருந்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "நீங்க அழறது அவருக்குக் கேட்டிருக்கும். பொம்மையெல்லாம் நின்னாத்தான் வெளிய இருக்கறவங்க உங்க பக்கம் வருவாங்கன்னு நிறுத்தியிருப்பாரு."

டெல்பின் யோசித்தாள். "எல்லாத்தையும் நிறுத்திட்டா அப்பா ஒருத்தர் மட்டும்தானே இருப்பாரு?"

"ஆமா."

"அப்ப, அப்பா அங்க இருக்காருன்னு வெளிய தெரியும்னு நெனச்சிருப்பாரு. இல்லம்மா?"

"ஆமாடா."

"தெரிஞ்சுதாம்மா?"

பிலோமினா துணியின் மடிப்பை ஒரு முறை நீவிவிட்டாள்.

"தெரிஞ்சுது," என்றாள். "ஒண்ணுன்னு வந்துச்சு."